வீட்டிலேயே சீஸ் பொரிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் முதன்முதலில் சீஸ் ஸ்டிக் பொரித்தது பையனின் பிறந்தநாளுக்கு. பன்னிரண்டு துண்டு போட்டேன், பன்னிரண்டு வெற்றுக் கூடுதான் வெளியே வந்தது. உள்ளே இருந்த சீஸ் எல்லாம் எண்ணெயில் இறங்கி, வாணலியின் அடியில் ஒட்டிக் கருகி, வீடு முழுக்கப் பால் தீய்ந்த வாடை. வந்த பிள்ளைகளுக்கு வேறு வாணலி வைத்து அப்பளம் பொரித்துக் கொடுத்துச் சமாளித்தேன். அந்தக் கதையைச் சொல்லப்போய்தான் சொந்தக்காரர்களும் பக்கத்து வீட்டுக்காரர்களும் அவரவர் வாணலிக் கதையோடு கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் மட்டும் இங்கே.

சீஸ் ஏன் எண்ணெயில் கசிந்து ஓடுகிறது?

இதைப் புரிந்துகொண்டால் மற்ற பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம். மொசரெல்லா சுமார் 55 டிகிரி செல்சியஸிலேயே இளக ஆரம்பித்துவிடும். உங்கள் எண்ணெயோ 180 டிகிரியில் இருக்கிறது. ஆக நீங்கள் செய்வது ஒரு ஓட்டப்பந்தயம். வெளியே இருக்கும் மாவுச் சுவர் வெந்து இறுகுவது முந்துகிறதா, உள்ளே சீஸ் உருகுவது முந்துகிறதா, அவ்வளவுதான் விஷயம். சுவர் முந்தினால் உங்களுக்கு சீஸ் ஸ்டிக், சீஸ் முந்தினால் எனக்குக் கிடைத்த வெற்றுக் கூடு.

கூடவே நீராவி வேறு. பீட்சாவுக்குப் போடும் மொசரெல்லாவில் ஏறக்குறைய பாதி எடை தண்ணீர்தான். தண்ணீர் ஆவியானால் ஆயிரத்து அறுநூறு மடங்குக்கும் மேல் விரியும், அது வெளியே வர வழி தேடும், சுவரில் ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் அதைக் கண்டுபிடித்துவிடும். ஆவி போன வழியே சீஸும் போகும். ஃப்ரீசரில் வைப்பது, இரண்டு தடவை மாவில் தோய்ப்பது, நல்ல சூட்டில் சீக்கிரம் எடுப்பது எல்லாமே சுவரை முந்தவைக்கும் வேலைகள்தான்.

எந்த சீஸ் வாங்க வேண்டும்? கடையில் பத்து வகை இருக்கிறதே.

ஸ்டிக்குக்கு என்றால் கட்டியாக விற்கும் மொசரெல்லா. அமுல், மில்கி மிஸ்ட், பிரிட்டானியா எதுவானாலும் சரி, பெருந்துறைக்காரர்களான மில்கி மிஸ்ட் சீஸ் செய்ய ஆரம்பித்த பிறகு நம் ஊர்ப் பக்கத்துக் கடைகளிலேயே கிடைக்கிறது. துருவிய பாக்கெட் வேண்டாம், அதை வைத்து ஸ்டிக் வெட்ட முடியாது. தண்ணீரில் மிதக்கவிட்டு டப்பாவில் விற்கும் வெள்ளைப் பந்து மொசரெல்லாவும் வேண்டாம். சாலடுக்கு அருமை, எண்ணெய்க்கு ஆகாது, அதில் ஈரம் இன்னும் அதிகம்.

சிறிய கட்டியாகக் காகிதம் சுற்றி வரும் சீஸ் க்யூப், ஸ்லைஸ் இரண்டும் புராசஸ்டு சீஸ். சாதாரண சீஸை உருக்கி, சிட்ரேட் அல்லது பாஸ்பேட் உப்புகள் சேர்த்து மறுபடி அச்சில் வார்த்தது. உருகும்போது எண்ணெய் பிரியாமல் வழவழப்பாக இருக்கும், ஆனால் நூலாக இழுபடாது. உருளைக்கிழங்கு உருண்டைக்குள் வைக்க அது போதும், சொல்லப்போனால் அதன் உப்புச் சுவை அங்கே பொருத்தமாகவே இருக்கும். தனி ஸ்டிக்காகப் பொரிக்க வேண்டாம்.

இன்னொன்று. விலை சந்தேகப்படும்படி குறைவாக இருந்தால் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். சேர்மானங்களில் தாவர எண்ணெய் அல்லது தாவரக் கொழுப்பு என்று இருந்தால் அது பால் கொழுப்புக்குப் பதிலாக எண்ணெய் வைத்துச் செய்த போலி வகை. சாப்பிடக்கூடாதது என்றில்லை, ஆனால் சீஸ் விலை கொடுத்து அதை வாங்குவானேன்.

பனீர் பொரித்தால் உருகுவதே இல்லையே, அது ஏன்?

பாலை எலுமிச்சைச் சாறோ வினிகரோ விட்டுத் திரித்தது பனீர். புளிப்பு, பால் புரதத்தைச் சேர்த்துக் கட்டியிருக்கும் கால்சியத்தைக் கரைத்து மோரோடு, அதாவது பிரியும் அந்தத் தண்ணீரோடு, அனுப்பிவிடுகிறது. மிச்சமிருக்கும் புரதம் ஒன்றோடொன்று நேராக ஒட்டிக்கொள்கிறது. சூடு படப்பட அந்தப் பிடி இறுகுமே தவிர விடாது. மொசரெல்லா வேறு ஜாதி. அது ரென்னெட் என்ற நொதியால் உறையவைத்தது, அதில் கால்சியம்தான் புரதங்களுக்கு நடுவே பாலம். சூட்டில் அந்தப் பாலம் நெகிழ்ந்து கொடுக்கும், அதனால் உருகும், இழுபடும்.

அதனால் பனீரைப் பொரிப்பதில் ஓட்டப்பந்தயமே கிடையாது. கடலை மாவில் தோய்த்துப் போடுங்கள், ஃப்ரீசர் தேவையில்லை. ரொம்ப நேரம் விட்டால் மட்டும் ரப்பராகிவிடும். ஒரு சின்ன உபாயம்: துருவிய மொசரெல்லாவும் உதிர்த்த பனீரும் பாதிக்குப் பாதி பிசைந்து உருட்டினால், உருகும் சீஸைப் பனீர் பஞ்சு மாதிரி பிடித்து வைத்துக்கொள்ளும். கசிவு பாதியாகக் குறையும்.

சரி, ஸ்டிக்குக்கு அளவு சொல்லுங்கள்.

200 கிராம் மொசரெல்லா கட்டி. ஒன்றரை சென்டிமீட்டர் தடிமனில், விரல் நீளத்துக்கு வெட்டினால் சுமார் பன்னிரண்டு வரும். சுண்டுவிரலை விட மெல்லியதாக வெட்டாதீர்கள், அது உருகுவதற்கு அரை நிமிடம் போதும்.

ஒரு தட்டில் மைதா மூன்று டேபிள்ஸ்பூன், கார்ன் ஃப்ளார் இரண்டு டேபிள்ஸ்பூன் கலந்து உலர் மாவு. ஒரு கிண்ணத்தில் மைதா கால் கப், கார்ன் ஃப்ளார் இரண்டு டேபிள்ஸ்பூன், மிளகுத்தூள், துளி உப்பு, தண்ணீர் ஏறக்குறைய அரை கப் விட்டுக் கரைசல். பதம் எப்படி என்றால் தோசை மாவை விட நீர்க்க, ரவா தோசை மாவை விடக் கெட்டி. ஸ்பூனின் பின்பக்கத்தில் ஒட்டி நிற்க வேண்டும். மூன்றாவது தட்டில் பிரெட் தூள் ஒன்றரை கப், அதில் ஆரிகானோவோ சில்லி ஃப்ளேக்ஸோ உங்கள் இஷ்டம். உப்பில் கை அடக்கம் வேண்டும், சீஸிலேயே உப்பு இருக்கிறது.

முதலில் உலர் மாவில் புரட்டுங்கள். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். சீஸின் மேல் கொழுப்புப் பூச்சு வழுக்கும், உலர் மாவு இல்லாமல் கரைசல் ஒட்டாது. பிறகு கரைசல், பிறகு பிரெட் தூள். அதோடு விட்டுவிடாமல் மறுபடி கரைசல், மறுபடி பிரெட் தூள். இரு முனைகளையும் தனியாகப் பார்த்து விரலால் அழுத்துங்கள், கசிவு பெரும்பாலும் முனையில்தான் தொடங்கும். ஒரு கையை ஈரத்துக்கும் ஒரு கையை உலர் தட்டுக்கும் என்று பிரித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஐந்தாவது துண்டுக்குள் உங்கள் விரல்களே பொரிக்கத் தயாராகிவிடும்.

தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் அடுக்கி ஃப்ரீசரில் வையுங்கள். 180 டிகிரி எண்ணெயில் ஒரு நிமிடம், அதிகம் போனால் ஒன்றரை. பொன்னிறம் வந்த உடனே எடுத்துவிட வேண்டும்.

ஃப்ரீசரில் எவ்வளவு நேரம்? அவசரத்துக்கு அரை மணி போதாதா?

போதாது. மேலே மட்டும் கெட்டியாகும், நடுவே அப்படியே இருக்கும். குறைந்தது இரண்டு மணி நேரம், முந்தின இரவே செய்து வைத்தால் இன்னும் நல்லது. இங்கே குளிர்ச்சி மட்டுமில்லை வேலை செய்வது. சீஸில் இருக்கும் தண்ணீர் ஐஸாக மாறியிருக்கும், அந்த ஐஸ் தண்ணீராக மாறவே நிறைய வெப்பத்தைக் குடிக்கும். அந்த நேரத்தில்தான் உங்கள் சுவர் வெந்து இறுகுகிறது. பொரிப்பதற்கு முன் எடுத்து வெளியே வைத்து ‘கூலிங் போகட்டும்’ என்று காத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், என் மாமியார் உட்பட. அப்படிச் செய்தால் ராத்திரி முழுக்க வைத்ததற்கு அர்த்தமே இல்லை. ஃப்ரீசரிலிருந்து நேராக எண்ணெய்.

மின்சாரம் போய் வந்து, பாதி இளகி மறுபடி உறைந்த துண்டுகளின் மேல் வெள்ளையாக ஐஸ் பொடி ஒட்டியிருக்கும். அதைத் தட்டிவிட்டுப் போடுங்கள், இல்லையென்றால் எண்ணெய் உங்கள் முகத்துக்குத் தெறிக்கும்.

முட்டை சேர்த்தால் நன்றாக வருமா?

வரும். முட்டை சூட்டில் சட்டென்று இறுகும், சுவர் சீக்கிரம் நிற்கும். சாப்பிடுகிறவர்கள் என்றால் கரைசலுக்குப் பதில் இரண்டு முட்டையை அடித்து ஒரு ஸ்பூன் பால் விட்டுக்கொள்ளுங்கள். சாப்பிடாதவர்களுக்கு மேலே சொன்ன கரைசலே தாராளம், எங்கள் வீட்டில் வருஷக்கணக்காக அதுதான்.

பிரெட் தூள் இல்லை. ரவை போடலாமா?

ரவை வேண்டாம், ஒன்றரை நிமிடத்தில் அது வேகாது, பல்லில் நறநறக்கும். ரஸ்க்கை மிக்சியில் ஒரு சுற்று சுற்றுங்கள், ஆனால் இனிப்பு ரஸ்க் என்றால் சீக்கிரம் கருகும், இனிப்பில்லாதது பாருங்கள். இனிப்பில்லாத கார்ன் ஃப்ளேக்ஸை நொறுக்கிப் போடலாம். வறுத்த சேமியாவைக் கையால் பொடித்துப் போட்டால் பார்ப்பதற்குக் குருவிக்கூடு மாதிரி வரும், சத்தம் போட்டு மொறுமொறுக்கும். மெல்லிய அவலை லேசாக நொறுக்கியும் செய்யலாம், கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் அரிசி மாவுக் கரைசலோடு அவல் என்று போனால் மைதாவே வேண்டாம்.

பழைய பிரெட் இருந்தால் அதைவிட நல்லது எதுவுமில்லை. காயவைத்து உதிருங்கள், பவுடர் மாதிரி அரைக்காதீர்கள்.

தெர்மாமீட்டர் இல்லை. எண்ணெய்ச் சூடு எப்படித் தெரியும்?

துளி கரைசலை விட்டுப் பாருங்கள். அடியில் போய்க் கொஞ்சம் யோசித்துவிட்டு மேலே வந்தால் சூடு போதாது. விழுந்த உடனே சுற்றிலும் நுரைத்துக்கொண்டு மேலே வந்தால் சரி. விழுந்ததும் பழுப்பானால் அதிகம். இன்னும் துல்லியமாக வேண்டுமென்றால் சின்ன பிரெட் துண்டைப் போடுங்கள், ஒரு நிமிடத்துக்குள் பொன்னிறமானால் 180ஐ ஒட்டி இருக்கிறது. புகை வந்தால் அடுப்பை அணைத்து ஆறவிடுங்கள்.

‘சிம்மில் வைத்துப் பொறுமையாகப் பொரி’ என்று நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். முறுக்குக்கும் அதிரசத்துக்கும் அது சரியான பாடம், உள்ளே வேக வேண்டிய மாவு அங்கே இருக்கிறது. இங்கே உள்ளே வேக வேண்டியது ஒன்றுமே இல்லை. சிம்மில் வைத்தால் சுவர் சிவக்க மூன்று நான்கு நிமிடம் எடுக்கும், அதற்குள் சீஸ் கதவைத் தட்டிவிடும்.

அதே காரணம்தான் ஒரே நேரத்தில் பத்துத் துண்டு போடக்கூடாது என்பதற்கும். உறைந்த துண்டுகள் எண்ணெய்ச் சூட்டை மடமடவென்று இறக்கிவிடும். அரை லிட்டர் எண்ணெய்க்கு மூன்று அல்லது நான்கு, அதற்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு ஈட்டுக்கும் நடுவே எண்ணெய் மறுபடி சூடேறட்டும். ஜல்லிக்கரண்டியால் எண்ணெயில் மிதக்கும் தூளை அள்ளிவிடுங்கள், அது கருகினால் அடுத்த ஈடு முழுக்கக் கசக்கும்.

எந்த எண்ணெய்?

ரீஃபைண்டு கடலை எண்ணெய், சூரியகாந்தி, தவிட்டு எண்ணெய் எதுவும் ஆகும். மூன்றுமே 200 டிகிரியைத் தாண்டித்தான் புகையும். செக்குத் தேங்காய் எண்ணெய் 180க்கு முன்பே புகைய ஆரம்பித்துவிடும், அதை இதற்கு எடுக்காதீர்கள். செக்கு நல்லெண்ணெயில் செய்து பார்த்தேன், சீஸ் வாசனையும் எள் வாசனையும் சண்டை போட்டுக்கொண்டன.

முதல் தடவை செய்பவர்கள் எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

ஸ்டிக்கிலிருந்து இல்லை. உருளைக்கிழங்கு சீஸ் பால். நமக்கு போண்டா உருட்டித் தெரியும், அது பாதி வேலை. கிழங்குச் சதை கெட்டியான சுவராக நின்று சீஸைச் சுற்றிக் காக்கும், தப்பு செய்ய இடம் அதிகம் இருக்கிறது.

300 கிராம் கிழங்கு. தோலோடு வேகவையுங்கள், வெட்டி வேகவைத்தால் தண்ணீர் குடிக்கும். தோல் உரித்து, நன்றாக ஆறவிட்டு, துருவுங்கள். மசித்தால் கட்டி நிற்கும், ரொம்ப மசித்தால் கோந்து மாதிரி ஆகும், துருவினால் இரண்டு தொல்லையும் இல்லை. பிரெட் தூள் மூன்று டேபிள்ஸ்பூன், கார்ன் ஃப்ளார் இரண்டு, பொடியாக நறுக்கிய பச்சை மிளகாய், கொத்தமல்லி, மிளகு, உப்பு. கையில் ஒட்டாத பதம் வரும். எலுமிச்சம்பழ அளவு எடுத்துத் தட்டையாக்கி, நடுவே ஒன்றரை சென்டிமீட்டர் சீஸ் கட்டி ஒன்று வைத்து மூடி உருட்டுங்கள். பன்னிரண்டு பதினான்கு வரும், சீஸ் 60 கிராம் இருந்தால் போதும். சிக்கனமும் கூட.

பிறகு கரைசல், பிரெட் தூள். ஃப்ரிட்ஜில் ஒரு மணி நேரம் இருந்தாலே போதுமானது. எண்ணெய் 170லிருந்து 175, இரண்டரை மூன்று நிமிடம். கிழங்கு ஏற்கெனவே வெந்தது, நடுவே சூடு போய்ச் சேர்ந்தால் போதும்.

எனக்கு அந்த உருண்டையே எண்ணெயில் வெடிக்கிறதே?

கிழங்கில் ஈரம், அல்லது உருண்டையில் வெடிப்பு, இந்த இரண்டில் ஒன்று. சூடான கிழங்கை உடனே பிசைந்தால் ஆவி உள்ளேயே மாட்டிக்கொண்டு ஈரமாகிவிடும். துருவிய கிழங்கைத் தட்டில் பரப்பிக் கால் மணி காற்றாட விடுங்கள். உருட்டும்போது உள்ளங்கையில் ஒரு சொட்டு எண்ணெய் தடவிக்கொண்டு, பிள்ளையார் கொழுக்கட்டைக்கு மேல்மாவில் விரிசல் விழாமல் பார்ப்போமே, அந்தக் கவனத்தோடு பாருங்கள். எண்ணெயில் போட்ட பிறகு ஓர் இடத்திலிருந்து மட்டும் பெரிய பெரிய குமிழியாக வந்தால் அங்கே ஓட்டை விழுந்துவிட்டது என்று அர்த்தம். யோசிக்காமல் அந்த உருண்டையை வெளியே எடுங்கள், அது கசிந்தால் மற்றதையும் கெடுக்கும்.

பஜ்ஜி மிளகாயில் சீஸ் அடைத்துப் போடலாமா?

இதை யாராவது கேட்டால் எனக்கு உற்சாகம் வந்துவிடும். மெரினாவில் மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான சீஸ் பண்டம் கிடையாது. அமெரிக்காவில் ஹலப்பேனோ மிளகாயில் சீஸ் அடைத்துப் பொரிக்கிறார்கள், நம் பஜ்ஜி மிளகாய் அதைவிடக் காரம் குறைந்தது, நீளமானது, அடைக்க வசதி.

ஒரு பக்கம் மட்டும் கீறி விதையை எடுத்துவிடுங்கள். காம்பு இருக்கட்டும், பிடிக்க உதவும். மொசரெல்லாவும் பனீரும் கலந்த கலவையை அடையுங்கள். பிதுங்கும்படி திணிக்காமல் முக்கால் பங்கோடு நிறுத்துங்கள். கீறிய வாயின் மேல் உலர்ந்த கடலை மாவைத் தூவி அழுத்தி, கால் மணி ஃப்ரீசரில் வையுங்கள்.

மாவில்தான் சூட்சுமம். சாதாரண பஜ்ஜிக்கு ஆப்பசோடா ஒரு சிட்டிகை போடுவோம், உப்பி வரும். உப்புவது என்றால் மாவில் துளை விழுவது, துளை என்றால் சீஸுக்கு வாசல். இதற்குச் சோடா வேண்டாம். கடலை மாவு ஒரு கப்புக்கு அரிசி மாவு இரண்டு டேபிள்ஸ்பூன், மிளகாய்த்தூள், பெருங்காயம், உப்பு, சூடான எண்ணெய் ஒரு ஸ்பூன் விட்டு வழக்கத்தைவிடக் கெட்டியாகக் கரைத்துக்கொள்ளுங்கள். மொறுமொறுப்பை அரிசி மாவு பார்த்துக்கொள்ளும். எண்ணெயில் விடும்போது கீறிய பக்கம் கீழே இருக்கட்டும், அந்த வாய் முதலில் மூடும்.

தங்கை துபாயில் இருக்கிறாள். அங்கே ஹலூமி என்று ஒரு சீஸ் எல்லாக் கடையிலும் கிடைக்கிறதாம், அதைப் பொரிக்கலாமா?

அதைப் பொரிக்கவே செய்தார்கள் என்று சொல்லலாம். ஹலூமி சைப்ரஸ் தீவின் சீஸ், 2021இல் ஐரோப்பிய ஒன்றியம் அந்தப் பெயருக்குப் புவிசார் பாதுகாப்புக் கொடுத்தது, நம் பழனி பஞ்சாமிர்தத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்த மாதிரி. ரென்னெட்டில் உறையவைத்ததுதான், ஆனால் புளிக்கவிடாமல், கட்டியை அதன் மோர்த் தண்ணீரிலேயே கொதிநிலைக்குக் கிட்டத்தட்ட வேகவைத்து எடுக்கிறார்கள். அதனால் சூட்டில் இளகுமே தவிர ஓடாது. ஃப்ரீசர், இரட்டைச் சுவர் எதுவும் தேவையில்லை. பட்டையாக வெட்டி, ஈரத்தைத் துணியால் ஒற்றி, மைதாவில் புரட்டிப் போட்டால் போதும். உப்பு மட்டும் தூக்கலாக இருக்கும், அரை மணி தண்ணீரில் ஊறவைத்து எடுக்கச் சொல்லுங்கள். தங்கை ஊருக்கு வரும்போது ஒரு பாக்கெட் கொண்டுவரச் சொல்லுங்கள் என்பேன், பெட்டியில் தங்கத்துக்கும் டேங் டப்பாவுக்கும் நடுவே இடம் இருந்தால்.

இதெல்லாம் அமெரிக்கப் பண்டம்தானே?

மொசரெல்லா ஸ்டிக்கை உலகம் முழுக்கப் பரப்பியது அமெரிக்க உணவகங்கள்தான், ஆனால் சீஸ் பொரிப்பது ரொம்பப் பழைய வேலை. 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாரிஸில் எழுதப்பட்ட ஒரு குடும்பக் கையேட்டிலேயே சீஸ் கீற்றுகளை முட்டை மாவில் தோய்த்துப் பொரிக்கும் குறிப்பு இருக்கிறது. செக் நாட்டில் ஈடம் சீஸை உள்ளங்கை அகலத்துக்கு வெட்டி, பிரெட் தூளில் புரட்டிப் பொரித்து, உருளைக்கிழங்கோடும் டார்ட்டார் சாஸோடும் மதியச் சாப்பாடாகவே சாப்பிடுகிறார்கள். வெனிசுவேலாவில் வெள்ளைச் சீஸைச் சுற்றி மைதா மாவு நாடாவைச் சுருள் சுருளாகச் சுற்றிப் பொரிப்பார்கள், டெக்கேன்யோ என்று பெயர், கல்யாண வீட்டில் அது இல்லாமல் இருக்காது. அந்த முறை நமக்கும் சுலபம்: சப்பாத்தி மாவைக் கொஞ்சம் வெண்ணெய் சேர்த்து மைதாவில் பிசைந்து, மெல்லிய நாடாவாக வெட்டி, விளிம்பின் மேல் விளிம்பு ஏறும்படி சுற்றி, முனையைக் கிள்ளி மூடிவிடுங்கள். பிரெட் தூள் வேலையே இல்லை.

சீஸ் சைவமா? ரென்னெட் என்றால் கன்றுக்குட்டி வயிறு என்கிறார்களே.

பாரம்பரிய ரென்னெட் அதுதான், கன்றின் இரைப்பையிலிருந்து எடுப்பது. இத்தாலியின் பார்மிஜானோ ரெஜ்ஜானோவில் இன்றைக்கும் அதுவே விதி. இந்தியாவில் பச்சைப் புள்ளி போட்டு விற்கும் சீஸில் நுண்ணுயிர்களிலிருந்து எடுத்த நொதியைத்தான் பயன்படுத்துகிறார்கள். பச்சைப் புள்ளியைப் பார்த்து வாங்குங்கள், வெளிநாட்டிலிருந்து வந்த பாக்கெட் என்றால் பின்பக்கத்தையும் படித்துவிடுங்கள்.

ஏர் ஃப்ரையரில் வருமா?

பிரெட் தூள் போட்டது வரும், பஜ்ஜி மாவு வராது. ஈர மாவு இறுகுவதற்குள் வலைக்குக் கீழே சொட்டி நிற்கும். பிரெட் தூளை முதலில் இரண்டு ஸ்பூன் எண்ணெய் விட்டு வாணலியில் பொன்னிறமாக வறுத்துக்கொண்டால்தான் நிறம் வரும், இல்லாவிட்டால் வெளிறிப்போய் சுண்ணாம்புக் குச்சி மாதிரி இருக்கும். 200 டிகிரி, ஐந்தாறு நிமிடம், நடுவே ஒரு தடவை திருப்புங்கள். கடைசி ஒரு நிமிடம் பக்கத்திலேயே நில்லுங்கள். சுவை எண்ணெயில் பொரித்ததற்கு முக்கால் பங்கு. அது உங்களுக்குப் போதுமா என்பது உங்கள் டாக்டருக்கும் உங்களுக்கும் நடுவே உள்ள விஷயம்.

கசியவில்லை, ஆனால் கடித்தால் நூல் வரவில்லை.

புராசஸ்டு சீஸ் போட்டிருப்பீர்கள், அதில் சேர்த்த உப்புகள் கால்சியப் பாலத்தைக் கலைத்துவிடும், நூலுக்கு அந்தப் பாலம் வேண்டும். மொசரெல்லாதான் என்றால் ஆறிப்போய்ச் சாப்பிட்டிருப்பீர்கள். எண்ணெயிலிருந்து எடுத்து இரண்டாவது நிமிடத்திலிருந்து ஐந்தாவது நிமிடம் வரைதான் அதற்கு நேரம். இரண்டு நிமிடத்துக்கு முன் கடித்தால் நாக்கு போச்சு. குழந்தைகளுக்குக் கொடுக்கும்போது பாதியாகப் பிய்த்து ஆவி போகவிட்டுக் கொடுங்கள், உருகிய சீஸ் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டால் துப்பவும் முடியாது.

தொட்டுக்கொள்ள என்ன?

புளிப்பாக ஏதாவது. கொழுப்பை வெட்டப் புளிப்பு வேண்டும், மயோனைஸ் என்றால் கொழுப்புக்கு மேல் கொழுப்பு. எங்கள் வீட்டில் தக்காளித் தொக்கில் கொஞ்சம் வெல்லமும் பூண்டும் சேர்த்து அரைத்தது. பிள்ளைகள் பாட்டில் சாஸ்தான் கேட்பார்கள், கொடுத்துவிடுகிறேன்.

மிச்ச எண்ணெயை என்ன செய்வது?

கசிவு இல்லாமல் பொரித்திருந்தால், ஆறியதும் துணியில் வடிகட்டி, இரண்டு மூன்று நாளுக்குள் தாளிக்கவோ பொரியலுக்கோ பயன்படுத்திவிடலாம். சீஸ் கசிந்த எண்ணெயில் பால் புரதம் கருகிக் கிடக்கும், அதை மறுபடி சூடாக்கினால் நுரைக்கும், நாறும். தூக்கிப் போடுங்கள், ஆனால் சிங்க்கில் ஊற்றாதீர்கள், ஒரு பாட்டிலில் ஊற்றி மூடிக் குப்பையில் போடுங்கள். கடைகளுக்கு இதில் சட்டமே இருக்கிறது: திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது எண்ணெயில் சேரும் கெட்ட பொருட்களின் அளவு 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக்கூடாது என்று 2018 ஜூலையிலிருந்து உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. வீட்டில் அளக்கக் கருவி இல்லை. நிறம் கறுத்து, கையில் தொட்டால் பிசுபிசுத்து, சூடேற்றும்போது நுரை அடங்காமல் இருந்தால் அதோடு விட்டுவிடுங்கள்.

எண்ணெயில் தீ பிடித்தால்?

அடுப்பை அணையுங்கள், வாணலியைப் பொருத்தமான தட்டாலோ மூடியாலோ மூடுங்கள், நகர்த்தாதீர்கள். தண்ணீர் மட்டும் ஊற்றவே கூடாது. பொரிக்க ஆரம்பிக்கும் முன்பே அந்த மூடியைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள், வாணலியில் பாதிக்கு மேல் எண்ணெய் வேண்டாம்.

விருந்துக்கு முன்கூட்டியே பொரித்து வைக்கலாமா?

பொரித்து வைக்காதீர்கள், புரட்டி வைத்துக்கொள்ளுங்கள். முதலில் தட்டில் தனித்தனியாக உறையவிட்டு, பிறகு ஜிப் கவரில் போட்டு மூடினால் ஃப்ரீசரில் ஒரு மாதம் தாராளமாக இருக்கும். ஆட்கள் வந்து உட்கார்ந்த பிறகு எண்ணெய் வையுங்கள். மிஞ்சிப்போனதைச் சூடாக்க வேண்டுமென்றால் ஏர் ஃப்ரையர் அல்லது மூடாத தோசைக்கல். மைக்ரோவேவில் வைத்தால் சுவர் நனைந்த அட்டை மாதிரி ஆகி, உள்ளே இருப்பது வெளியே வந்து தட்டில் படுத்துக்கொள்ளும்.

இவ்வளவு பாடுபட வேண்டுமா? கடையிலேயே உறையவைத்த சீஸ் ஸ்டிக் பாக்கெட் விற்கிறதே.

வாங்குங்கள், யார் வேண்டாம் என்றது. சேர்மானங்களில் சீஸ் எத்தனை சதவீதம் என்று மட்டும் பாருங்கள், சிலவற்றில் மாவுதான் அதிகம். வீட்டுக்கு வரும் வழியில் உருகிவிடாமல் கொண்டுவந்து, இளகவிடாமல் நேராக எண்ணெயில் போடுங்கள், மற்றதெல்லாம் மேலே சொன்னதுதான். எங்கள் ஃப்ரீசரிலும் ஒரு பாக்கெட் எப்போதும் கிடக்கும், சொல்லாமல் கொள்ளாமல் வரும் விருந்தாளிக்கு. என் பையன் அதையும் நான் செய்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சாப்பிட்டுவிட்டு, கடையில் வாங்கியதுதான் நன்றாக இருக்கிறது என்றான். உருளைக்கிழங்கு உருண்டையில் மட்டும் இன்னும் நான்தான்.